பூட்டுக்கும் சாவிக்கும் நடுவுல 'மற்றும்' எதுக்கு?

ஒரு வார்த்தை மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு. கெட்ட வார்த்தை எல்லாம் இல்லீங்க. ரொம்ப சாது. எல்லா நோட்டீஸ்லயும் இருக்கும், எல்லா அப்ளிகேஷன்லயும் இருக்கும், பேங்க்ல இருந்து வர்ற எஸ்.எம்.எஸ்.லயும் இருக்கும். 'மற்றும்'.

இங்கிலீஷ் 'ஆண்ட்'டுக்கு தமிழ்ல என்னன்னு யாரைக் கேட்டாலும் யோசிக்காம 'மற்றும்'னு சொல்லிருவாங்க. ஸ்கூல் பையன்ல இருந்து டிக்‌ஷனரி வரைக்கும் அதே பதில்தான். ஆனா சொன்ன அதே ஆள் பேசும்போது கவனிச்சுப் பாருங்க. ஒரு நாள் பூரா பேசினாலும் ஒரு 'மற்றும்' வாயில இருந்து விழாது.

எங்க ஊரையே எடுத்துக்குவோம். திண்டுக்கல்னா பூட்டும் பிரியாணியும்னு உலகத்துக்கே தெரியும். 'பூட்டு மற்றும் பிரியாணி'ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நாகல் நகர் ரவுண்டானால நின்னு சுத்திப் பாத்தா போர்டுல எல்லாம் 'மற்றும்' தொங்கும். டீ மற்றும் காபி, ஜெராக்ஸ் மற்றும் லேமினேஷன், பூட்டு மற்றும் சாவி ரிப்பேர். அதே கடைக்குள்ள போனா, "ரெண்டு டீயும் ஒரு காபியும் போடுப்பா", "பூட்டு சாவி ரெண்டையும் குடுத்துட்டுப் போங்க"ன்னுதான் பேச்சு. எங்க ஏரியால வீட்ல சௌராஷ்டிரம் பேசுறவங்க நிறைய. அவங்க வெளில வந்து தமிழ் பேசும்போது கூட 'மற்றும்' போட்டு நான் கேட்டதில்லை. போர்டு ஒரு பாஷை பேசுது, போர்டு மாட்டினவர் வேற பாஷை பேசுறாரு.

"இதுக்குப் போயி ஒரு பதிவா?"ன்னு நினைக்காதீங்க. நான் தனித்தமிழ் ஆளு இல்லை, அது இந்தப் பதிவைப் படிச்சாலே தெரியும் :-) என் பிரச்சினை வேற. இந்த வார்த்தை அழகா இல்லைங்கறது இல்லை. பல இடத்துல இது அர்த்தத்தைக் குழப்புது, அந்தக் குழப்பத்துக்குக் காசு குடுக்கிறது எழுதினவர் இல்லை, படிக்கிறவர். அதான் மேட்டர்.

மொதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். 'மற்றும்' ஒண்ணும் வெள்ளைக்காரன் கொண்டு வந்த வார்த்தை கிடையாது. 'மற்று' ரொம்பப் பழசு, தொல்காப்பியத்துலயே அதுக்கு இலக்கணம் இருக்கு. சோழர் காலக் கல்வெட்டுல வரிகளை ஒவ்வொண்ணா பட்டியல் போட்டுட்டு, கடைசில 'மற்றும் எப்பேர்ப்பட்ட' வரியும்னு முடிப்பாங்க. அதாவது 'இதுபோக இன்னும் வேற என்னென்ன இருக்கோ அதெல்லாம்'. பழைய சினிமா போஸ்டர் ஞாபகம் இருக்கா? ஹீரோ பேரு, ஹீரோயின் பேரு, காமெடியன் பேரு, கடைசில 'மற்றும் பலர்'. அதுதான் அந்த வார்த்தையோட சொந்த வேலை. 'இன்னும் பிற'ன்னு சொல்றது. அந்த வேலையை அது நல்லாவே செஞ்சுட்டு இருந்துச்சு. நாமதான் அதைத் தூக்கி 'ஆண்ட்' சீட்ல உக்கார வச்சுட்டோம்.

அந்த சீட்ல ஏற்கெனவே ஒருத்தர் இருந்தாரு. பேரு 'உம்'. தொல்காப்பியம் அவருக்கு எட்டு அர்த்தம் சொல்லுது, அதுல ஒண்ணுதான் எண்ணி அடுக்கிறது. பூட்டும் சாவியும். அப்பாவும் அம்மாவும். அதுவும் வேண்டாம்னா ஒண்ணுமே போடாம ஒட்டி வச்சாலும் போதும்: பூட்டு சாவி, அப்பா அம்மா, உப்பு புளி மிளகாய். பத்தாங்கிளாஸ்ல உம்மைத்தொகைன்னு படிச்சு ரெண்டு மார்க் வாங்கினோமே, அதேதான்.

இப்ப கொஞ்சம் எஞ்சினியர் மூளையோட பாப்போம். 'ஆண்ட்'டும் 'உம்'மும் ஒரே வேலை செஞ்சாலும் செய்யற விதம் வேற. 'ஆண்ட்' ரெண்டு பொருளுக்கு நடுவுல நிக்கும், ரெண்டுல எதோடயும் ஒட்டாது. 'உம்' அப்படி இல்லை. ஒவ்வொரு பொருளோட தோள்லயும் ஏறி உக்காந்துக்கும். எது எது பட்டியல்ல இருக்கோ அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'உம்'. அதனால பட்டியல் எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். கணக்குல அடைப்புக்குறி போடுவோமே, அந்த வேலையை இது இலவசமா செஞ்சு குடுக்குது. 'ஆண்ட்'டை அப்படியே மொழிபெயர்த்து நடுவுல 'மற்றும்' போட்டதும் அந்த அடைப்புக்குறி காணாமப் போயிடுது.

உதாரணம் சொல்றேன். ஒரு திட்டத்தோட நோட்டீஸ்ல இப்படி எழுதியிருக்குன்னு வச்சுக்குங்க: 'முதியோர் மற்றும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு இலவசம்.'

எழுபது வயசு தாத்தா ஒருத்தர் படிக்கிறாரு. அவருக்கு உண்டா இல்லையா? முதியோர் எல்லாருக்குமா, இல்லை முதிய பெண்களுக்கு மட்டுமா? வாக்கியத்துல பதில் இல்லை. இதையே 'உம்' போட்டு எழுதுங்க. 'முதியோருக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் இலவசம்.' தாத்தாவுக்கு உண்டு, முடிஞ்சது. பெண்களுக்கு மட்டும்தான்னா, 'முதிய பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும்'. அதுவும் முடிஞ்சது. 'உம்' போடணும்னா ஒவ்வொரு பொருளுக்கும் 'கு' தனியா போட்டே ஆகணும். அப்படிப் போடும்போது எழுதறவரே, "நாம யாரைச் சொல்றோம்?"னு ஒரு நிமிஷம் யோசிச்சே ஆகணும். 'மற்றும்' போட்டா யோசிக்கத் தேவையே இல்லை. அதான் எல்லாருக்கும் அதைப் பிடிச்சிருக்கோ என்னமோ.

'ஆண்ட்'டோட 'ஆர்' சேந்துச்சுன்னா இன்னும் வினை. சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது தெரியும். டேட்டாபேஸ்ல போயி, 'ஊர் மதுரை ஆர் ஊர் திண்டுக்கல் ஆண்ட் பில் பாக்கி' அப்படின்னு தேடினா என்ன வரும்? ரெண்டு ஊர்லயும் பாக்கி வச்சவங்க லிஸ்ட் வரும்னு நினைப்போம். வராது. மதுரைக்காரங்க அத்தனை பேரும் வருவாங்க, பில் கட்டினவங்களும் சேத்து. திண்டுக்கல்லுல மட்டும் பாக்கிக்காரங்க வருவாங்க. ஏன்னா எஸ்.கியூ.எல்.ல 'ஆண்ட்'டுக்கு 'ஆர்'ரை விட இறுக்கமான பிடி. சி, ஜாவா எல்லாத்துலயும் இதே கதைதான். இதுக்குத்தான் அடைப்புக்குறி போடுன்னு முதல் நாளே சொல்லித் தருவாங்க.

கம்ப்யூட்டர்லயாவது யாருக்குப் பிடி அதிகம்னு ஒரு ரூல் இருக்கு. அப்ளிகேஷன் ஃபார்ம்ல?

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க. ஸ்பின்னிங் மில் வேலை. பொண்ணோட படிப்பு உதவித்தொகைக்கு ஒரு ஆபீஸ்ல அப்ளிகேஷன் குடுக்கப் போனாங்க. ஃபார்ம்ல இணைக்க வேண்டியதுன்னு ஒரு வரி: 'வருமானச் சான்று அல்லது குடும்ப அட்டை மற்றும் ஆதார் அட்டை நகல்.' அக்கா கைல வருமானச் சான்று இருந்துச்சு. அது இருந்தா போதும், அது இல்லாதவங்கதான் மத்த ரெண்டும் வைக்கணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க. எஸ்.கியூ.எல். கணக்குப்படி பாத்தா அக்கா சொன்னதுதான் கரெக்ட்! ஆனா கவுன்ட்டர்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னிக்கு ஷிஃப்ட் போச்சு.

ரெண்டாவது தடவை நான்தான் டூவீலர்ல கூட்டிட்டுப் போனேன். ஆதார் நகலை வாங்கிக்கிட்டே அந்த ஆள், "மற்றும்னு தெளிவா போட்டிருக்குல்லம்மா?"ன்னாரு.

அக்கா விடல. "அல்லதுன்னும் போட்டிருக்கே சார்?"

அதுக்கு பதில் இல்லை. வெளிய வந்து வண்டில ஏறும்போது அக்கா சொன்னாங்க, "ஏன் தம்பி, ஆதார் கண்டிப்பா வேணும், அதுகூட வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ ஏதாச்சும் ஒண்ணும் வேணும்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

நான் நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சு கத்துக்கிட்டதை அக்கா ஒரே வரில சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன வாக்கியத்துல 'மற்றும்' இல்லை, 'அல்லது' இல்லை. 'ஓ' இருக்கு, 'உம்' இருக்கு. 'வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ'ன்னதும் அந்த ரெண்டையும் ஒரு அடைப்புக்குறிக்குள்ள போட்டாச்சு. 'ஏதாச்சும் ஒண்ணும்'னதும் அந்த அடைப்புக்குறியை மூடி ஆதாரோட சேத்தாச்சு. எந்த கம்பைலரும் இதுல தப்பு பண்ண முடியாது.

ஒரு நாள் கூலிதானேன்னு நினைச்சா, இந்தச் சின்ன வார்த்தை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு. 1968-ல ஈஸ்வர் சிங் பிந்த்ரா வழக்குல, 1940-ம் வருஷ மருந்துச் சட்டத்துல மருந்துன்னா என்னன்னு சொல்ற இடத்துல வர்ற 'ஆண்ட்'டை எப்படிப் படிக்கிறதுன்னு கேள்வி. அங்க அதைச் சேக்கிற சொல்லா படிக்கக் கூடாது, பிரிக்கிற சொல்லா படிக்கணும்னு நம்ம உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அதாவது 'ஆண்ட்'டை 'ஆர்' மாதிரி!

அமெரிக்காவுல இன்னும் பெரிய கூத்து. 2018-ல வந்த ஒரு சட்டம். போதைப்பொருள் வழக்குல சிக்கினவருக்கு கட்டாயக் குறைந்தபட்ச தண்டனைல இருந்து விலக்கு குடுக்கணும்னா, அவரோட பழைய குற்றக் கணக்குல ஏ, பி ஆண்ட் சி இருக்கக் கூடாதுன்னு அதுல வருது. மூணுல ஒண்ணு இருந்தாலே விலக்கு கிடையாதா? இல்லை மூணும் சேந்து இருந்தாதான் கிடையாதா? பல்சிஃபர் வழக்குல 2024 மார்ச் 15 அன்னிக்கு தீர்ப்பு. ஒம்பது நீதிபதிகள்ல ஆறு பேர், ஒண்ணு இருந்தாலே கிடையாதுன்னாங்க. மூணு பேர், இல்லவே இல்லை, 'ஆண்ட்'னா 'ஆண்ட்'தான்னு மாத்தி எழுதினாங்க. இங்கிலீஷைத் தாய்மொழியா வச்சிருக்கிற நாட்டுல, சட்டம் படிச்ச ஒம்பது பேருக்கே ஒரு 'ஆண்ட்'டுக்கு ஒரே அர்த்தம் கிடைக்கல. இதுல எத்தனை வருஷம் உள்ள இருக்கணும்ங்கறது ஒரு மனுஷனோட வாழ்க்கை.

இந்த 'இல்லை'யும் 'ஆண்ட்'டும் சேந்தா வர்ற சிக்கலுக்கு லாஜிக்ல ஒரு விதியே இருக்கு. டி மார்கன் விதி. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பர்ல வந்து உயிரை எடுக்குமே, அதேதான். 'ஏ-யும் பி-யும் சேந்து இல்லை'ன்னா, 'ஏ இல்லை, அல்லது பி இல்லை'ன்னு அர்த்தம். 'ஏ-யும் இல்லை பி-யும் இல்லை'ங்கறது வேற. இந்த அகஸ்டஸ் டி மார்கன் எங்க பிறந்தாரு தெரியுமா? 1806-ல, மதுரைல! அப்பா கம்பெனிப் படையில ஆபீசர். ஏழு மாசக் குழந்தையா இருக்கும்போதே இங்கிலாந்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க, அதனால தமிழ் கத்துக்க வாய்ப்பு இல்லை. இங்கயே இருந்திருந்தா, தான் எழுத வேண்டிய விஷயத்தைத் தெருவுல போறவங்க தினமும் சரியா பேசுறதைக் கேட்டிருப்பாரு.

எப்படின்னு கேக்கறீங்களா? 'யாரும் வரல'ன்னா ஒருத்தர் கூட வரல. 'எல்லாரும் வரல'ன்னா சில பேர் வந்தாங்க, சில பேர் வரல. ரெண்டுலயும் 'உம்' இருக்கு, 'வரல' இருக்கு, ஆனா அர்த்தம் வேற. எந்தக் குழந்தையும் இதுல குழம்பாது. முழுசையும் குறிக்கிற 'உம்' சில இடத்துல மிச்சம் இருக்குன்னு காட்டற 'உம்'மா மாறிடும்னு நன்னூல்ல பவணந்தி முனிவர் எழுதியே வச்சிருக்காரு. அந்த அமெரிக்கச் சட்டத்தைத் தமிழ்ல எழுதியிருந்தா, 'மூணுல எதுவும் இருக்கக் கூடாது'ன்னு எழுதலாம், 'மூணும் சேந்து இருக்கக் கூடாது'ன்னு எழுதலாம். சண்டையே வந்திருக்காது. ஆனா 'ஏ, பி மற்றும் சி இருக்கக் கூடாது'ன்னு எழுதினா, அவங்க சண்டையை நாமும் இறக்குமதி பண்ணின மாதிரி ஆயிடும்.

சரி, இவ்வளவு நல்ல 'உம்'மை விட்டுட்டு ஏன் 'மற்றும்' பின்னாடி போனோம்? ஒண்ணு, மொழிபெயர்ப்பு. அரசாங்கப் பேர் எல்லாம் இங்கிலீஷ்ல யோசிச்சு தமிழ்ல எழுதினது. மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை, இப்படி. இதுல ஹைலைட் என்னன்னா, தமிழை வளர்க்கிற துறையோட பேரே 'தமிழ் வளர்ச்சி மற்றும் செய்தித் துறை' :-)

இன்னொண்ணு எங்க ஆளுங்க வேலை. ஃபோன்ல, வெப்சைட்ல ரெண்டு பேரைச் சேத்துக் காட்டணும்னா புரோகிராம்ல ஒரு அச்சு இருக்கும். முதல் பேரு, நடுவுல ஒரு சொல், ரெண்டாவது பேரு. எந்த மொழிக்கு என்ன அச்சுன்னு யூனிகோடு கூட்டமைப்பு சி.எல்.டி.ஆர்.னு ஒரு தொகுப்பு வச்சிருக்கு. உலகத்துல பாதி சாஃப்ட்வேர் அதைத்தான் எடுத்துக்குது. அதுல தமிழுக்கு நடுவுல இருக்கற சொல் 'மற்றும்'. கண்ணன் மற்றும் மாலா. ஏன் 'கண்ணனும் மாலாவும்' இல்லை? ஏன்னா அதுக்கு பேரோட கடைசி எழுத்தைப் பாத்து மாத்தணும். அச்சுக்கு அந்த வேலை தெரியாது, அது நடுவுல சொருக மட்டும்தான் செய்யும். இங்கிலீஷ்காரனுக்குத் தச்ச சட்டையை நமக்கு மாட்டி விட்டாச்சு.

ஆனா அந்த மாத்தற வேலை ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. கடைசில மெய்யெழுத்து இருந்தா அதுமேல 'உம்' ஏறிக்கும்: கண்ணனும். கல், பெண் மாதிரி குட்டி வார்த்தைன்னா அந்த மெய் இரட்டிக்கும்: கல்லும், பெண்ணும். இ, ஈ, ஐ-ல முடிஞ்சா 'ய்' வரும்: சாவியும். மத்த உயிர்னா பொதுவா 'வ்' வரும்: மாலாவும், தெருவும். குற்றியலுகரம்னா 'உ' ஓடிப் போயிடும்: பூட்டும், வீடும். இதெல்லாம் நன்னூல்ல இருக்கற ரூல்தான். உக்காந்தா ஒரு சாயங்காலத்துல எழுதிடலாம். இங்கிலீஷ் எழுத்துல வர்ற பேரு, சுருக்கெழுத்து இதெல்லாம் வந்தா கொஞ்சம் இடிக்கும், ஒத்துக்கறேன். அந்த இடத்துக்கு மட்டும் 'மற்றும்' வச்சுக்கலாமே. எல்லா இடத்துலயும் எதுக்கு?

இதைவிடக் கொடுமை வினைச்சொல்லுக்கு நடுவுல போடறது. 'செயலியைப் பதிவிறக்கவும் மற்றும் நிறுவவும்.' அய்யா சாமி! 'வந்தான் மற்றும் சாப்பிட்டான்'னு எந்த ஊர்ல பேசுறாங்க? 'பதிவிறக்கி நிறுவவும்'னா ஒரு வார்த்தை மிச்சம், எது முதல்ல எது அப்புறம்ங்கறதும் தெளிவு.

எதிர்க்கட்சி வாதத்தையும் பாத்துடுவோம். 'உம்' எல்லா வியாதிக்கும் மருந்து இல்லை. 'பழைய பூட்டும் சாவியும்'னா சாவியும் பழசா, பூட்டு மட்டுமாங்கற சந்தேகம் அப்படியேதான் இருக்கு. பத்துப் பதினைஞ்சு பொருள் உள்ள பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் 'உம்' போட்டா மூச்சு முட்டும். அங்க கமா போட்டுட்டு கடைசில 'ஆகியவை', 'இவை எல்லாம்', 'இவற்றில் ஏதாவது ஒன்று'ன்னு முடிச்சா போதும். துறைப் பேரு, நிறுவனப் பேருல யாரும் ஏமாறப் போறதில்லை, அதுல நான் சண்டைக்கு வரல. மொழி மாறும், மாறட்டும். பேசறவங்க மாத்தினா அது வளர்ச்சி. ஆனா 'மற்றும்' விஷயத்துல பேசறவங்க மாத்தல. இத்தனை வருஷமா போர்டுலயும் ஃபார்ம்லயும் பாத்தும், ஜனங்க இன்னும் அதை வாயில சேத்துக்கல. அதைவிட என்ன ஓட்டு வேணும்?

அதனால நான் கேக்கறது ரொம்பச் சின்ன விஷயம். கடை போர்டுல 'மற்றும்' இருந்தா இருந்துட்டுப் போகட்டும், டீ கேட்டா டீ குடுக்கப் போறாங்க. ஆனா ஒரு ஃபார்ம், ஒரு நோட்டீஸ், ஒரு மருந்துச் சீட்டுக் குறிப்பு, ஒரு ஒப்பந்தம், இதுல 'மற்றும்', 'அல்லது' ரெண்டும் ஒரே வரில வந்தா மட்டும் பேனாவை ஒரு நிமிஷம் கீழ வையுங்க. அந்த வரியை, எதிர்ல நிக்கிற ஆளுக்கு வாயால எப்படிச் சொல்லுவீங்கன்னு சொல்லிப் பாருங்க. கண்டிப்பா 'ஓ'வும் 'உம்'மும் தானா வந்து விழும். அதை அப்படியே எழுதுங்க. இலக்கணம் படிக்க வேண்டாம், நன்னூல் புரட்ட வேண்டாம்.

அப்புறமும் ஆசை விடலன்னா, பட்டியல் கடைசில 'மற்றும் பலர்'னு போட்டுக்குங்க. அது அதோட சொந்த வீடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க :-)